ஒகேனக்கல் கரை: வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்

எனக்குப் பென்னாகரம். அங்கிருந்து மலை இறங்கினால் ஒகேனக்கல், ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வீட்டுக்கு வெளியூர்ச் சொந்தம் வந்தால் முதல் நாள் சாப்பாடு, இரண்டாம் நாள் ஒகேனக்கல் என்பது எங்கள் ஊர் வழக்கம். இத்தனை வருஷமாகக் கூட்டிக்கொண்டு போய் வந்ததில் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதினேன்.

ஒகேனக்கல் என்றால் அருவிதானே? நீங்கள் ஏன் "கரை, கரை" என்கிறீர்கள்?

அருவி என்று நினைத்து வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு "இவ்வளவுதானா" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது முதலில் ஆறு, அப்புறம்தான் அருவி. காவிரி இங்கே வந்ததும் ஒரே ஆறாக ஓடாமல் பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, சில இடத்தில் விழுந்து, சில இடத்தில் தேங்கி, திரும்பவும் ஒரு குறுகலான பள்ளத்தில் ஒன்றுசேர்ந்து போகிறது. போதாததற்குச் சின்னாறு வேறு இங்கேதான் வந்து கலக்கிறது. அதனால் கரையும் ஒரே கரை இல்லை. பரிசல் துறைகள், குளிக்கும் இடம், மீன் கடைகள், கோயில், முடி எடுக்கும் இடம், திதி கொடுக்கும் இடம் என்று தனித்தனியாக இருக்கும். சின்னாறு, கோத்திக்கல், மாமரத்துக்கடவு, ஊட்டமலை என்று ஒவ்வொரு துறைக்கும் பெயர் உண்டு. "கடவு" என்றாலே ஆற்றைக் கடக்கும் இடம். சுற்றுலா என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஜனங்கள் இங்கே ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

பெயர் கன்னடமா, தமிழா?

கன்னடத்தில் "ஹொகே" என்றால் புகை. "கல்" இரண்டு மொழிக்கும் பொது. புகைகிற கல். "உகுநீர்க்கல்" என்பதுதான் பழைய தமிழ்ப் பெயர், அதுதான் திரிந்துவிட்டது என்று வாதாடும் நண்பர்களும் எனக்கு உண்டு. இந்தச் சண்டையில் நான் கலந்துகொள்வதில்லை. தண்ணீர் நிறைய வரும் நாளில் காலையில் தொங்கு பாலத்தில் போய் நின்றால், விழும் தண்ணீர் தூளாகி மேலே கிளம்பி, பாறைக்குள்ளிருந்து யாரோ ஈர விறகை வைத்து அடுப்பு பற்றவைத்த மாதிரி இருக்கும். பெயர் வைத்தவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஊர்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வீட்டுக்குள்ளேயே புழங்கும், அதனால் எங்களுக்கு இது பெரிய பிரச்சினையாகப் படுவதில்லை.

யார் யார் ஆண்ட இடம்? வரலாறு ஏதாவது உண்டா?

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர். அதற்கப்புறம் கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விஜயநகரம், மைசூர் என்று கைமாறிக்கொண்டே வந்தது. மைசூர்க்காரர்கள் காலத்தில் இந்த வட்டாரத்துக்குப் பாரமகால் என்று பெயர். மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்குப் படை இறங்கும் வழி என்பதால் ஒவ்வொரு குன்றிலும் ஒரு கோட்டை. 1791இல் ஆங்கிலேயர் பென்னாகரம் கோட்டையைப் பிடித்தார்கள். அந்தச் சூட்டோடு கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் போனார்கள், அங்கே பருப்பு வேகவில்லை. அடுத்த வருஷம், 1792இல், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலையே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் சேலம் ஜில்லாவாக நெடுங்காலம். 1965 அக்டோபர் 2இல் தர்மபுரி தனி மாவட்டம், 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனியே பிரிந்தது.

ஒகேனக்கல்லிலேயே கோட்டை, அரண்மனை என்று தேடாதீர்கள். இங்கே பழையது என்றால் பாறையும் துறையும்தான்.

அக்கரை கர்நாடகமா? பரிசலில் போனால் மாநிலம் தாண்டிவிடுவோமா?

ஆமாம், அக்கரை கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் மாவட்டம். ஆற்றின் நடுவில் எந்தப் பாறை யாருடையது என்று அவ்வப்போது தகராறும் வரும். ஆனால் இந்த எல்லைக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1இல் மொழிவழியாக மாநிலங்களைப் பிரிக்கும் வரை அக்கரை கொள்ளேகால் தாலுகாவில் இருந்தது, கொள்ளேகால் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. அதாவது அது வரைக்கும் இரண்டு கரையும் சென்னை ராஜ்ஜியம்தான். இக்கரை சேலம் ஜில்லா, அக்கரை கோவை ஜில்லா, அவ்வளவே வித்தியாசம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் "ஆத்துக்கு அந்தாண்ட பொண்ணு எடுத்தோம்" என்று சொல்லும்போது அவர்கள் வேறு மாநிலத்தைச் சொல்லவில்லை, பக்கத்து ஊரைச் சொல்கிறார்கள்.

அக்கரையில்தான் ஆலம்பாடி. உழவுக்கும் வண்டிக்கும் பெயர்போன ஆலம்பாடி மாடு அந்த ஊர்ப் பெயரால் வந்ததுதான். நல்ல கரும்சாம்பல் நிறம், ஒல்லியான நீளமான உடம்பு, பின்னால் வளைந்த கொம்பு, கல்லும் கரடுமான நிலத்தில் சளைக்காமல் இழுக்கும். இப்போது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. வீரப்பன் பிறந்த கோபிநத்தமும் அக்கரைதான். அவனைப் பற்றி என்னிடம் கேட்காதவர்களே இல்லை, அதற்கு நான் சொல்வதும் ஒன்றுதான்: அவன் இருந்த காலத்தில் இந்தக் காட்டோர ஊர்களில் இருந்தவர்களுக்கு அது சினிமா மாதிரி இருக்கவில்லை.

காவேரிப்பட்டினமும் காவிரிக் கரைதானே?

இல்லை! இதில் ஏமாறாதவர் கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் இருப்பது தென்பெண்ணைக் கரையில். கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே. நிப்பட்டுக்குப் பெயர்போன ஊர், போகிற வழியில் இறங்கி வாங்குங்கள், ஆனால் காவிரியைத் தேடாதீர்கள்.

அருவிகளை எப்படிப் பார்ப்பது? குற்றாலம் மாதிரி இருக்குமா?

இருக்காது. குற்றாலத்தில் மலையிலிருந்து தலைக்கு மேல் விழும். இங்கே ஆறு தரையிலிருந்து பள்ளத்துக்குள் விழுகிறது, நீங்கள் மேலே நின்று குனிந்து பார்க்க வேண்டும். மெயின் பால்ஸை நடைபாதையில் போய்த் தொங்கு பாலத்திலிருந்து பார்க்கலாம். சினி பால்ஸ் சின்னது, படப்பிடிப்புகளால் வந்த பெயர் என்பார்கள். ஐந்தருவி தண்ணீர் குறைவாக இருந்தால் ஐந்தாகத் தெரியும், வெள்ளம் வந்தால் எண்ண முடியாது, எல்லாம் ஒரே வெள்ளைச் சுவராகிவிடும். இந்த வேடிக்கையை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: இங்கே தண்ணீர் கூடக்கூட அருவி குறையும். பாறையெல்லாம் மூழ்கிவிட்டால் விழுவதற்கு இடம் ஏது?

பாறை என்றதும் ஒன்று. இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்ற அரிதான பாறை இருக்கிறது. பூமிக்குள்ளிருந்து உருகி மேலே வந்த சுண்ணாம்புக் குழம்பு இறுகினது என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியியல்காரர்கள் அதற்குச் சுமார் 240 கோடி வருஷம் என்று கணக்குச் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மத்தியானம் அதன்மேல் நடந்து பார்த்தால் வயது தெரியாது, சூடு தெரியும்.

பரிசலில் போகலாமா? பயமாக இருக்காதா?

போகத்தான் வேண்டும். பரிசல் ஏறாமல் ஒகேனக்கல் பார்த்தேன் என்று சொல்வது பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துவிட்டு எழுந்த கதை.

முதலில் கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு பரிசலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மூங்கிலைப் பட்டை பட்டையாகக் கீறி, பாய் முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் கனமாக ஒரு வளையம் கட்டி, அடிப்பக்கம் பிளாஸ்டிக் தாளைப் போட்டுத் தார் பூசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் தாளுக்குப் பதில் மாட்டுத்தோல். ஆணி கிடையாது. ஆழமில்லாத இடத்தில் பாறை உரசினாலும் மூங்கில் வளைந்துகொடுக்குமே தவிர மரப்பலகை மாதிரி பிளக்காது. முன்னும் பின்னும் கிடையாது என்பதால் எந்தப் பக்கமும் போகும், சுற்றவும் செய்யும். ஒரே ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு பரிசல்காரர் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்து அதை நேராகப் போக வைப்பதுதான் வித்தை. முடிந்ததும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைமேல் நடந்து போவார். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு கால் முளைத்த பெரிய ஆமை போகிற மாதிரி இருக்கும்.

உள்ளே ஏறும்போது நடுவில் கால் வைக்க வேண்டும். விளிம்பில் வைத்தீர்களென்றால் நீங்களும் போவீர்கள், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மாமியாரும் போவார். எதிரெதிராகச் சமமாக உட்கார வைப்பார்கள். செல்பி எடுக்க நாலு பேரும் ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து. லைஃப் ஜாக்கெட் கட்டாயம், அழுக்காக இருக்கிறது என்று மூக்கைப் பொத்தாமல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பும் குறுகலான இடத்துக்குள் போனதும் சத்தம் சட்டென்று குறைந்து, துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரம் பார்த்து இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டும், அதில் சிப்ஸ் பாக்கெட், கூல் டிரிங்க்ஸ், வெள்ளரிக்காய். மிதக்கும் பெட்டிக்கடை. வெளியே கிடைப்பதைவிட விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் தண்ணீர்மேல் கடை போட்டிருப்பவரிடம் பேரம் பேச எனக்கு மனசு வராது.

கட்டணத்தைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் மட்டும் கட்டுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்தே "சார், நான் தனியா கூட்டிட்டுப் போறேன்" என்று ஒட்டிக்கொண்டு வருபவரை நம்பி எங்கள் சித்தப்பா ஒருமுறை இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு, பாதி தூரத்தில் "இதுக்கு மேல எக்ஸ்ட்ரா" என்று கேட்டதும் அங்கேயே சண்டை போட்டார். பரிசலுக்குள் எழுந்து நின்று சண்டை போடக்கூடாது என்பதை அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

போன தடவை வந்தபோது "தடை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

தண்ணீர் கூடியிருக்கும். வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும். அதனால் கிளம்பும் அன்று காலை செய்தியில் "பிலிகுண்டுலு" என்ற பெயரைத் தேடுங்கள். ஒகேனக்கல்லுக்குச் சில கிலோமீட்டர் மேலே, காட்டுக்குள் இருக்கும் சின்ன இடம். அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. காவிரி வழக்கு முழுவதும் கடைசியில் வந்து நிற்பது அந்த இடத்தில்தான். கர்நாடகம் வருஷத்துக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதை அங்கேதான் அளக்கிறார்கள். நடுவர் மன்றம் 2007இல் 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) என்றது, உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அதை 177.25 ஆகக் குறைத்தது.

டி.எம்.சி., கன அடி என்று கேட்டால் தலை சுற்றுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. சில ஆயிரம் கன அடி என்றால் பரிசல், குளியல், பாறை எல்லாம் உண்டு. 2018 ஆகஸ்டிலும் 2024இல் ஜூலை கடைசியிலும் லட்சம் கன அடியைத் தாண்டி வந்தது. அந்த மாதிரி நாளில் நடைபாதையே தண்ணீருக்குள். செம்மண் நிறத்தில், நுங்கும் நுரையுமாக, வேரோடு மரங்கள் அடித்துக்கொண்டு வரும். தூரத்தில் நின்று பார்க்கலாம், விடுகிற இடம் வரைக்கும்.

இங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது?

மேட்டூருக்கு. 1934இல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பினால் தேக்கத்தின் வால் எங்கள் பென்னாகரம் வட்டத்து ஏமனூர், நாகமரை வரை நிற்கும். அணை கட்டியபோது பல ஊர்கள் மூழ்கின. மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டும். நேரம் இருந்தால் அந்தப் பக்கமும் போய் வாருங்கள். நந்தி வெளியே தெரிந்தால் டெல்டாக்காரர்களுக்குக் கெட்ட காலம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குத்தான் நல்ல காலம்.

ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, தர்மபுரிக்காரர்களுக்குப் பல் மட்டும் ஏன் மஞ்சள்?

இதை நேராகக் கேட்டவர்களும் உண்டு, கோபமில்லை. காவிரி எங்களைவிட மிகவும் தாழ்வான பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்கள் மேலே இருக்கின்றன. தர்மபுரி நகரம் ஒகேனக்கல்லிலிருந்து 46 கிலோமீட்டர். ஆகவே நாங்கள் குடித்தது கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும்தான். இங்குள்ள பாறையில் புளோரைடு அதிகம், அது நிலத்தடி நீரில் கரைந்து வரும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் பாதிப்பு ஆரம்பம். வளரும் வயதில் குடித்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழும், தேய்த்தாலும் போகாது. நிறைய வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். எங்கள் பள்ளிக்கூட குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள், நாற்பது பேரில் வாயைத் திறந்து சிரித்தவன் ஒருவன், அவன் அந்த வருஷம் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த பையன்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான். 2008இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார், அப்போது கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் கட்டி, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். ஒரு நாளைக்கு 16 கோடி லிட்டர் எடுத்துச் சுத்திகரித்து மேலே ஏற்றி தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அனுப்பும்படி அமைத்தார்கள். மலை இறங்கும்போது பெரிய பெரிய குழாய்களும் தொட்டிகளும் தெரியும், யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இந்தக் கரையில் பார்க்க வேண்டியதில் அதுவும் ஒன்று. எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் வந்த முதல் நாள் என் அம்மா ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு, "உப்பே இல்ல, சப்புனு இருக்கு" என்றார். ஐம்பது வருஷம் போர்த் தண்ணீர் குடித்த நாக்கு.

ஆடிப்பெருக்குக்கு வரலாமா?

கூட்டம் பிடிக்கும் என்றால் வாருங்கள். ஆடி 18க்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள், ஒகேனக்கல்லில் அரசு விழாவும் உண்டு. ஆனால் நான் பார்க்கச் சொல்வது மேடையை இல்லை. விடியற்காலையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து குலதெய்வத்தின் வேல், சூலம், கத்தியெல்லாம் எடுத்துக்கொண்டு மேளத்தோடு வருவார்கள். ஆற்றில் முழுக்காட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு போவார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள். அன்று பைக்கில் வருவதே புத்திசாலித்தனம்.

மீன் எங்கே நன்றாக இருக்கும்?

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். ஒரு வழி சொல்கிறேன். கரையில் மீனை நீங்களே எடை போட்டு வாங்குங்கள். கெண்டை, ரோகு, கட்லா, கெளுத்தி, வாளை என்று கிடைக்கும். அப்புறம் விறகடுப்பு வைத்துச் சமைத்துக் கொடுக்கும் அக்காக்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துவிட்டால் மசாலா அரைத்துக் குழம்பும் வறுவலும் செய்து சோறும் ஆக்கி வைத்துவிடுவார்கள். கூலி முன்பே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் பரிசல் போய்க் குளித்துவிட்டுப் பசியோடு வரும்போது சரியாக இருக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். வறுத்து அடுக்கி வைத்திருக்கும் மீனைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

எண்ணெய் மசாஜ்?

உண்டு, ஆண்களுக்கு. கரைப் பாறையிலேயே உட்கார வைத்து நல்லெண்ணெய் தடவி, தலையில் தாளம் போட்டு, கழுத்தைச் சொடக்கு எடுப்பார்கள். தலைமுறை தலைமுறையாக இதே தொழிலில் இருப்பவர்கள். எலும்பு, டிஸ்க் பிரச்சினை இருப்பவர்கள் கழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

வேறென்ன இருக்கிறது?

காவிரி அம்மனோடு தேசநாதேஸ்வரர் இருக்கும் கோயில், வனத்துறையின் முதலைப் பண்ணை, மீன் காட்சியகம், சிறுவர் பூங்கா, பார்வைக் கோபுரம். முதலைகள் அசையவே அசையாது, பொம்மை என்று நினைத்து என் தங்கை மகள் அழுதுவிட்டாள்.

எந்த வழியாக வருவது?

தர்மபுரி, பென்னாகரம் வழி நல்ல ரோடு, பஸ் வசதி உண்டு. ஓசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாபாளையம் வழியாகவும் இறங்கலாம், அழகான காட்டு வழி, ஆனால் இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும். சுற்றிலும் யானைக்காடு. 2014இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் மட்டுமே 504 சதுர கிலோமீட்டர். வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். வண்டிக் கண்ணாடியையும் ஏற்றி வையுங்கள், அவை இப்போது பிஸ்கட் பாக்கெட்டோடு மொபைலையும் தூக்குகின்றன.